பேக்கரி தாண்டி மூன்றாவது கம்பம்

முன்னால் ஓடுகிறவள் பின்தங்கியவளாகவும், பின்னால் மூச்சு வாங்கி வருகிறவர் முந்தியவராகவும் ஆகிற அதிசயம் அந்த ஓட்டக் குழுவில் சனிக்கிழமைதோறும் தவறாமல் நடந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தவள் ஒருத்திதான். அவளுக்குக் கிடைத்த பதில், "மேடம், வாட்சை மாத்துங்க."

அவள் சாலைத் துறையில் ஓவர்சியர். பத்தொன்பது வருடமாகச் சாலை அளப்பதுதான் பிழைப்பு. குழுவின் கேப்டன் ஒரு பல் டாக்டர். வரப்போகிற தொடர் ஓட்டத்தில் ஆளுக்குப் பத்து கிலோமீட்டர், அணிக்கு நாலு பேர். முதல் மூன்று இடத்தில் சண்டையே இல்லை. ஒரு நர்ஸும், கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி இருவரும் காற்றாய்ப் பறப்பார்கள். நாலாவது இடத்துக்குத்தான் அவளும் கேப்டனும். போன வருடம் அவள் மாற்று ஆளாகப் போய், நாலு பேருடைய பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றாள். இந்த வருடம் ஓட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தேர்வு முறை இப்படி. பைகளை ஸ்டேடியம் வாசலில் காவலாளியிடம் விட்டுவிட்டு, ஒரே வேனில் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், அங்கிருந்து சேர்ந்து கிளம்புவார்கள். அவரவர் வாட்ச் பத்து காட்டும் இடத்தில் நிறுத்தி, நேரத்தை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். மற்ற நாலு பேரிடமும் கேப்டன் சிபாரிசு செய்த ஒரே ரகப் புது வாட்ச். அது ஸ்டேடியம் வாசலுக்கு வந்ததும் பத்து என்று கீச்சிடும். அவளுடைய எட்டு வருடப் பழசு அதே வாசலில் 9.69 காட்டும். மற்றவர்கள் நின்று தண்ணீர் குடிக்க, அவள் மட்டும் இன்னும் முன்னூறு மீட்டர் பேக்கரியையும் கடந்து ஓடி முடிப்பாள். வாசலை அவள் தாண்டுவது ஐம்பத்து மூன்றரை நிமிடத்தில். கேப்டன் வழி நெடுக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்து, முக்கால் நிமிடம் கழித்து வாசலைத் தொடுவார். பட்டியலில் மட்டும் அவர் ஐம்பத்து நாலேகால், அவள் ஐம்பத்தைந்தேகால்.

"டாக்டர், நீங்க எனக்கு முன்னால வந்தீங்களா, பின்னால வந்தீங்களா?" என்று ஒரு சனிக்கிழமை நேராகவே கேட்டாள்.

"பின்னாலதான். ஆனா கண்ணால காண்பதும் பொய் மேடம்," என்றார் கேப்டன், கழுத்தைத் துடைத்தபடி. "உங்க வாட்ச் குறைச்சுக் காட்டுது. புதுசு கட்டினா நீங்களும் இங்கயே நிக்கலாம். பாவம், எதுக்கு அவ்வளவு தூரம் ஓடணும்?"

அந்தப் 'பாவம்' அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழமொழியின் முதல் வரியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, தீர விசாரிப்பதே மெய் என்கிற மிச்சத்தை வீட்டிலேயே விட்டு வருகிறவர்களிடம் என்ன பேசுவது?

"வாங்கித் தொலையேன்," என்றார் கணவர். வாராவாரம் இந்தப் புலம்பலைக் கேட்டு அவருக்கும் அலுத்துவிட்டது. வாட்ச் கடையில் விற்பனையாளனாக இருக்கும் கொழுந்தன் இன்னும் ஒரு படி மேலே போனான். "அண்ணி, உங்க கையில இருக்கிறது வாட்ச் இல்ல, கல்வெட்டு," என்று சொல்லி, கடையில் காட்சிக்கு வைத்திருந்த புது வாட்சை இரவல் கொண்டுவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை இடது கையில் பழசும் வலது கையில் புதுசும் கட்டிக்கொண்டாள். அலுவலகத்தில் சொல்லி எடுத்துவந்த அளவுச் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் பூஜ்யத்தில் வைத்து, ஓடுகிறவர்கள் வளைகிற இடத்திலெல்லாம் வளைந்து, உருட்டிக்கொண்டே நடந்தாள். கொழுந்தன் பின்னால் சைக்கிளில் வந்தான். ஸ்டேடியம் வாசலில் புதுசு பத்து என்று கீச்சிட்டது. பழசு 9.69. சக்கரம் சொன்னது ஒன்பதாயிரத்து எழுநூற்று இருபது மீட்டர்.

கொழுந்தன் போனில் புது வாட்ச் வரைந்த பாதையைப் பெரிதாக்கிப் பார்த்தான். மேம்பாலத்துக்கு அடியில் கோடு குடிகாரன் நடையாகத் தள்ளாடியது. பிறகு உயரமான கண்ணாடிக் கட்டிடங்களுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது. போகாத அந்தத் தூரத்தையெல்லாம் வாட்ச் கணக்கில் சேர்த்திருந்தது.

"அண்ணி, நீங்க ரெண்டு ஆபீஸ், ஒரு ஜிம் வழியா வந்திருக்கீங்க."

"வந்தவளுக்கு ஒரு காபி கொடுத்தாங்களான்னு கேளு."

ஒரு வருடமாக மற்ற நாலு பேரும் இதைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள். சக்கரத்தை இன்னும் இருநூற்று எண்பது மீட்டர் உருட்டினாள். பேக்கரி தாண்டி மூன்றாவது விளக்குக் கம்பத்தருகே சாலையோரம் ஓர் ஆணி அடித்து, அதைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டாள்.

"எது சரியோ எது தப்போ, இதைக் கட்டினா உங்களுக்கு இடம் உறுதி," என்றான் கொழுந்தன்.

அதுதான் உண்மை, அதுதான் அவளைச் சுட்டது. ஓட்டத்தைக் கூட்டவே வேண்டாம், வாட்சை மாற்றினால் போதும். இரண்டு நாள் புதுசு மேசை மேல் கிடந்தது. போன வருடம் பைகளின் வார் அறுத்த தோளை நினைத்து ஒருமுறை கட்டியும் பார்த்தாள். கைக்கு அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் கொழுந்தன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"ரோடு ஒரு மீட்டர் குறைஞ்சாலே கான்ட்ராக்டர் பில்லைத் திருப்பி அனுப்புறவ நான். எனக்கு நானே இருநூத்து எண்பது மீட்டர் தள்ளுபடி பண்ணிக்கச் சொல்றியா?"

அன்று மாலை அளவை முழுவதையும் குழுவில் எழுதினாள். வாசல் பத்து இல்லை, ஆணிதான் பத்து, எல்லாரும் ஆணி வரைக்கும் ஓடிப் பார்ப்போம் என்றாள். கேப்டன் உடனே பதில் போட்டார்: "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்." கூடவே மூன்று சிரிப்புப் பொம்மைகள்.

"மேடை கோணலா இல்லையான்னு பாக்குறதுதான் என் உத்தியோகம்," என்று எழுதினாள்.

அதற்கப்புறம் ஒரே மௌனம். கேப்டனின் பொம்மைகளைவிட அந்த மௌனம்தான் அவளை அதிகம் புண்படுத்தியது. நர்ஸ் மட்டும் தனியாக ஒன்று கேட்டாள், "ஆணி எங்க இருக்கு அக்கா?" பேக்கரி தாண்டி மூணாவது கம்பம் என்று சொன்னாள். சரி என்றுகூட மறுபதில் வரவில்லை.

கடைசித் தேர்வு அந்தச் சனிக்கிழமை. அவள் பழசையே கட்டிக்கொண்டு போனாள். வேனில் ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கேப்டன் மட்டும், "கல்வெட்டு நேரம் சொல்லுதா மேடம்?" என்றார். கொழுந்தனும் இவரும் ஒரே இடத்தில் பாடம் படித்திருப்பார்கள் போல.

ஓடினாள். மூன்று பேரும் முதல் வளைவிலேயே கண்ணுக்கு மறைந்தார்கள். கேப்டனின் காலடிச் சத்தம் மேம்பாலம் வரை கேட்டது, கண்ணாடிக் கட்டிடங்களுக்கு அப்புறம் கேட்கவில்லை. ஸ்டேடியம் வாசல் தெரிந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் பைகள் இருந்தன, காவலாளி இருந்தார், தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்க வேண்டிய மூன்று பேரையும் காணோம்.

பேக்கரியைத் தாண்டியதும் பார்த்தாள். மூன்றாவது கம்பத்தடியில் நர்ஸ் இடுப்பில் கை வைத்து நின்றாள். அண்ணன் தம்பி இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் போய் மஞ்சள் வட்டத்தை மிதித்துப் பொத்தானை அழுத்தினாள்.

"வாசல்ல வாட்ச் கத்துச்சு அக்கா, கத்தட்டும்னு விட்டுட்டு வந்துட்டோம்," என்றாள் நர்ஸ். "பந்தயத்துல பத்துன்னா பத்துதானே."

"எங்க டைம் ஒரு நிமிஷத்துக்கு மேல ஏறிப்போச்சு," என்று தம்பிக்காரன் முணுமுணுத்தான். ஆனால் எழுந்து அவளுக்கு இடம் விட்டான்.

அவளுடைய பழசு 9.97-இல் நின்றிருந்தது. பழக்க தோஷம், கால் தானாக முன்னே போகப் பார்த்தது. அடக்கிக்கொண்டு ஆணியின் மேலேயே நின்றாள்.

அன்று வழக்கத்தைவிட ரொம்பவே பின்தங்கிவிட்ட கேப்டன் அப்போதுதான் தூரத்தில் வாசலைத் தொட்டார். வாட்சை நிறுத்திவிட்டு, வழக்கம்போல கை தட்டிக்கொள்ளக் கையை உயர்த்தினார். தட்ட எதிர்க்கை இல்லை. சுற்றிப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், பிறகு கம்பத்தடியில் நிற்கிற நாலு பேரைப் பார்த்தார். மறுபடியும் வாட்சையே பார்த்தார்.

"கையைப் பாக்காதீங்க டாக்டர், எங்களைப் பாருங்க," என்று அவள் கையைக் குவித்துக் கத்தினாள். "இன்னும் இருநூத்து எண்பது மீட்டர் இருக்கு. ஓட வேணாம், மெதுவா நடந்தே வாங்க. வர்றப்ப அப்படியே அந்தப் பைங்களையும் எடுத்துட்டு வந்துடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் குனிந்து, முதல் பையைத் தோளில் மாட்டினார்.