கேமராவுக்கு முன்னால் இருந்த கூட்டல் குறி

மார்ச்சில் சாலைப் பாதுகாப்புத் துறையின் புள்ளியியலாளர் புருலாய் எழுதிய அறிக்கையில் மேலிடத்துக்குப் பிடித்தது ஒரே வரி: வேகக் கேமரா கூடினால் சாலைச் சாவும் கூடுகிறது. இரண்டுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் எண்ணான குணகம் கூட்டல் குறியோடு வந்திருந்தது. ஏப்ரலிலேயே மலைச்சாலையில் கரா-பெல் வளைவுக் கேமராவைக் கழற்றிவிட்டார்கள்.

இப்போது செப்டம்பர். தலைநகர் பிஷ்கெக்கின் அலுவலகத்தில், வெள்ளைக் கம்பளித் தொப்பியை மடியில் வைத்தபடி அவள் எதிரே உட்கார்ந்திருந்தார் எஸ்கென். ஜூலையில் அந்த வளைவில் லாரி மோதி அவருடைய தம்பி செத்துப்போயிருந்தான்.

"கேமரா இருந்தவரைக்கும் லாரிக்காரனுங்க அங்க பூனை மாதிரி போவானுங்க, தங்கச்சி. ஏன் கழட்டுனீங்க? அத மட்டும் சொல்லு, போயிடறேன்."

"பாத்துச் சொல்றேன் பைக்கே," என்றாள், அண்ணனை அழைப்பதுபோல். "நாளைக்கு வாங்க."

அவர் போனதும் ஏழு மாகாணங்களின் பத்து வருடக் கணக்கைத் திறந்தாள். மார்ச்சில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிட்டிருந்தாள். சாவு அதிகமுள்ள மலை மாகாணங்களில்தானே கேமராவும் அதிகம் வைப்பார்கள்? அது அன்றைக்கு உறைக்கவில்லை. இந்த முறை ஒவ்வொரு மாகாணத்தையும் அதன் முந்தைய வருடங்களோடு மட்டும் ஒப்பிட்டாள். குறி கழித்தலாகிவிட்டது. கேமரா கூடிய வருடங்களில் அங்கே சாவு குறைந்திருந்தது.

பிரிவுத் தலைவர் துராத்பெக் திரையைப் பார்த்தார், தேநீர் ஆறிப்போனது.

"ஆறு மாசத்துல கூட்டல் கழித்தலாயிடுச்சா? மேல கேட்டா என்னன்னு சொல்றது, எங்க புருலாய்க்கு இப்பதான் கணக்கு வந்துச்சுன்னா?"

"அப்படியே சொல்லுங்க பைக்கே. பனி விழறதுக்குள்ள கேமராவத் திரும்ப மாட்டணும்."

"வர்ற வருஷம் பாக்கலாம். நீ வாயத் திறந்தா வேலை போயிடும்."

மறுநாள் எஸ்கென் வந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப கேமரா இருந்திருந்தா அவன் பொழச்சிருப்பானா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் இரவெல்லாம் பயந்திருந்தாள்.

"ஒரு மாகாணத்துல ஒரு வருஷத்துக்கு கேமராவால எத்தனை பேர் தப்பிப்பாங்கன்னு இந்தக் கணக்கு சொல்லும். அதுல உங்க தம்பி ஒருத்தரான்னு சொல்லாது. ஆனா கழட்டச் சொன்னது என் கணக்கு. அது தப்பு."

"அத எழுதிக் குடு. மாகாண அலுவலகத்துல எல்லார் முன்னாடியும் நான் அதப் படிக்கணும். அந்த வளைவுல இன்னும் எங்க பிள்ளைங்க நடக்கறாங்க."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் துராத்பெக் எழுந்து நின்றார். புருலாய் காகிதத்தை இழுத்தாள். தன் பெயரை முதலில் எழுதினாள்.