எவரும் பார்க்காத படம்

ஒரு படம் கீர்த்திகனுக்குப் பிடிக்க ஒரே தகுதி போதும்: வேறு எவரும் அதைப் பார்த்திருக்கக் கூடாது. அதுவும் எழுபதுகளில் வந்த தெருக்கும்பல் படம் என்றால் உயிரையே விடுவான். புழுதி, சைக்கிள் சங்கிலி, உடைந்த போத்தல்! நிஜத்திலோ, நீர்வேலிச் சந்தியில் வாழைக்குலை லொறி ஹோர்ன் அடித்தாலே வேலியோடு ஒட்டிக்கொள்கிற வங்கி எழுதுவினைஞன்.

இரண்டு வருடம் தேடி, அப்படியொரு படத்தின் வீடியோ கசற்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துவிட்டான். இணையத்தில்கூடக் கிடையாத படம். போட்டுப் பார்க்க வீடியோ டெக்தான் இல்லை. அரியாலையில் பழைய வீடியோக்காரர் பிலிப்புவிடம் ஒன்று இருப்பதாக அறிந்து, சனிக்கிழமை காலை நண்பர்கள் ஜெரிசனோடும் ஜெயதீபனோடும் மூன்று மோட்டார் சைக்கிள்களில் புறப்பட்டான். மூவருக்கும் கையில்லாத ஜீன்ஸ் சட்டை, முதுகில் மண்டையோடு. கசற் மட்டையைப் பார்த்துத் தைப்பித்தது.

"முதல் நான் தனியப் பாக்கோணும். பிறகு உங்களுக்குக் கதை சொல்லுறன்," என்றான்.

பிலிப்பு குடியிருந்த குறுகிய ஒழுங்கைச் சனங்களிடம், வாள்வெட்டுக் கும்பல்களுக்குப் பயந்து செய்த ஓர் ஏற்பாடு இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் கூட்டமாக மோட்டார் சைக்கிளில் வந்தால், பிள்ளையார் கோயில் மணியை அடிக்க வேண்டும். பூ ஆய்ந்துகொண்டிருந்த கேதீஸ்வரி மண்டையோடுகளைக் கண்டாள். மணி அலறியது. உலக்கை, மண்வெட்டியோடு ஊர் சூழ்ந்தது.

"பையைத் திறவடா! வாள் எங்கை?"

"ஐயோ அக்கா, உது படக் கசற்!"

"என்ன படம்?"

"தெருவிலை... வெட்டுக்குத்து..."

"கேட்டியளே! பாத்துப் பழகிப்போட்டு வெட்ட வந்திருக்கிறாங்கள்!"

"டெக் கேட்டு வந்த பெடியள்," என்று பிலிப்பு சொல்லியும் எடுபடவில்லை. போட்டுப் பார்த்தே தீர்ப்பு என்றார்கள். டெக் வாசிகசாலைக்கு வந்தது. அறுபது பேர் முன்னால் உட்கார்ந்தார்கள். மூவரையும் பின்சுவரோடு நிறுத்தினார்கள். கீர்த்திகனுக்குத் தெரிந்தவை கொண்டைகளும் வழுக்கைகளும் மட்டுமே.

"உவன் சங்கிலி பிடிக்கிற வடிவைப் பார். மாடுகூடக் கட்டமாட்டான்," என்றது ஒரு வழுக்கை, படத்து ரவுடியைக் காட்டி.

"எடேய், தாயிட்டைச் சொல்லிப்போட்டுப் போடா!" கேதீஸ்வரி திரையைப் பார்த்து அழுதாள். பக்கத்தில் ஒருத்தி, கைத்தொலைபேசியில் கனடாத் தங்கைக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒருக்காத் தலையை..." என்றான் கீர்த்திகன்.

"வாயைப் பொத்து! முக்கியமான கட்டம்!"

படம் முடிந்ததும் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். "நல்ல பெடியள். வாற சனியும் ஒண்டு கொண்டு வாங்கோ."

ஒழுங்கை முடக்கில் ஜெரிசன் கேட்டான்: "படம் எப்பிடி மச்சான்?"

கீர்த்திகன் மண்டையோட்டுச் சட்டையைக் கழற்றிச் சுருட்டினான்.

"குப்பை. ஊரே பாத்த படம்."