சி.பி.யு.வுக்கு வைத்த பொட்டு

2006, விஜயதசமி காலை. ஜெயங்கொண்டத்தில் நான் பாடம் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில், புதிதாகச் சேரும் பிள்ளைகள் வருவதற்குள் சாமி பாட்டுப் போட வேண்டும். திரையில் பாட்டு ஓடுகிறது. ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

"அப்பவே சொன்னேன் சார், இந்த லினக்ஸ் நமக்கு ஒத்து வராதுன்னு" என்றேன்.

விண்டோசுக்குப் பதிலாக ஆசைப்பட்டு அதைப் போட்டவர் முதலாளி முத்தமிழ்செல்வன்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரைத் திறந்தேன். எதுவும் மியூட்டில் இல்லை. இருந்த ஆத்திரத்தில் எல்லாப் பட்டைகளையும் உச்சிக்கு ஏற்றினேன். அப்போதும் ஊமைதான். புத்தகத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் கமாண்ட் அடித்தேன். சவுண்ட் கார்டு நன்றாக இருப்பதாகவே லினக்ஸ் சொன்னது.

"பொய் சொல்லுது சார்!"

சார் எழுந்து வந்து சி.பி.யு.வைத் திருப்பி, ஸ்பீக்கர் பின்னைப் பிடுங்கினார். அதன் முனை முழுக்க மஞ்சளாக இருந்தது.

"டீச்சர், நேத்து ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சது யாருங்க?"

நான்தான். எல்லா ஒயரையும் கழற்றித் துடைத்துவிட்டு, முன்பக்கம் மட்டும் போதாதென்று, பின்னால் இருந்த ஒவ்வொரு குட்டி வட்ட ஓட்டையிலும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமமும் இட்டிருந்தேன்.

அவர் ஈர்க்குச்சியால் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, பின்னைத் துடைத்துச் செருகினார். நான் உச்சிக்கு ஏற்றி வைத்திருந்த சத்தத்தில் பாட்டு இடி மாதிரி விழுந்தது. பூவும் பழமுமாக வாசலுக்கு வந்த அம்மாக்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதுக்கும் லினக்ஸ்தான் காரணமா டீச்சர்?" என்று சார் கேட்டது என் காதில் விழவில்லை. வாயசைவிலேயே புரிந்தது.