ஆர்லனின் கடைசி ஐம்பது

டெல்பர்ட் கார் டிக்கியிலிருந்து அந்தச் சிவப்புத் தோட்டாப் பெட்டியை எடுத்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டிருந்தபோது மார்லா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வைங்க அதை."

"எதை?"

"பெரியப்பா, நான் இருபது வருஷமா பழைய கார் விக்கிறவ. கோட்டுக்குள்ள ஒண்ண வச்சுக்கிட்டு 'எதை'ன்னு கேக்கிறவங்கள தினமும் பாக்குறேன்."

டெல்பர்ட் சிரித்தார். தம்பியை மண்ணுக்குள் இறக்கிவிட்டு வந்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கண் சிவந்துதான் இருந்தது. சிரிப்பு மட்டும் சந்தைக் கடைக்காரன் சிரிப்பு, எந்தத் துக்கத்திலும் வாடாதது.

"இது துப்பாக்கி கிளப்புக்குச் சேரவேண்டியது பொண்ணே. செத்தவன் கடைசியா நிரப்பின தோட்டாவ கூட்டாளிங்க ஆளுக்கொண்ணா சுட்டு அவன வழியனுப்பணும். வெத்துத் தோட்டாக் கூட்டையெல்லாம் பொறுக்கி உங்கம்மா மடியில போடுவோம். உங்கப்பனே எத்தனை பேருக்குச் சுட்டிருக்கான்!"

வழக்கம் அவளுக்கும் தெரியும். அடுத்தவன் நிரப்பிய தோட்டாவை உன் துப்பாக்கியில் போடாதே என்பது, வெஸ்ட் வர்ஜீனியாவின் இந்த மலைப்பக்கத்து ஆண்கள் பைபிளுக்கு அடுத்தபடியாக நம்பும் வசனம். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரனின் பல் துலக்கும் பிரஷ்ஷை வாங்கினாலும் வாங்குவார்கள், தோட்டாவை வாங்கமாட்டார்கள். அந்த வசனத்தை மீறுவது கூட்டாளி ஒருவன் செத்த நாளில் மட்டும். உன்னை அவ்வளவு நம்பினோம் என்று பிணத்துக்குச் சொல்லும் மரியாதை அது.

"இந்தப் பெட்டி வேணாம். அப்பா செத்த அன்னிக்குக் காலையில நிரப்பினது."

"அதனாலதான் இந்தப் பெட்டி" என்றார் டெல்பர்ட். மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு கிளப் கூடத்துக்குள் போய்விட்டார்.

நேற்று மதியம் அப்பாவின் டை பின்னைத் தேடி நிலவறைக்குப் போனவள், அவருடைய வேலை மேஜையில் அவர் தோட்டாக் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். உட்கார்ந்து கடைசிவரை படித்தாள்.

கண்ணாடித் தொழிற்சாலை அப்பா ஆர்லனுக்கு ஒரு கேக்கும் ஓய்வூதியமும் கொடுத்து அனுப்பி இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அண்ணனிடம் கேட்டுக்கேட்டு, சுட்ட கூட்டையே மறுபடி நிரப்பிக் கைத்துப்பாக்கித் தோட்டா செய்யப் பழகினார். வாழ்நாளில் இரண்டு காலுக்கும் ஒரே நிறத்தில் சாக்ஸ் போட்டறியாத மனிதர். வெடிமருந்தை மட்டும் குன்றிமணிக்கும் குறைந்த கணக்கில் நிறுத்தார். ஒரு தோட்டாவுக்கு நிறுத்துப் போட்டதும் பென்சிலால் ஒரு கோடு. ஐம்பது தோட்டாவுக்கு ஐம்பது கோடு. பிறகு காகிதத்தில் ஐந்து சுட்டு, ஐந்து ஓட்டையையும் எதை வைத்து மூடமுடிகிறது என்று எழுதுவார். முதல் பக்கத்தில் 'சாப்பாட்டுத் தட்டு'. ஆறு மாதம் கழித்து 'காபிக் கோப்பை'. போன கிறிஸ்துமஸுக்கு 'பாட்டில் மூடி', அதன் கீழே இரண்டு கோடு, பக்கத்தில் 'பார்த்தாயா டெல்பர்ட்!'

இந்த மார்ச்சில் மறுபடி கோப்பை. ஏப்ரலில் தட்டு.

அவர் பதறவில்லை, முறைப்படி திருடனைத் தேடினார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று மேஜைக்கு மேலே எழுதி ஒட்டியிருந்தது. மருந்தை மாற்றினார். குண்டை மாற்றினார். தராசைத் துடைத்து எடைக்கல் வைத்துச் சோதித்தார். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் ஒரே வரி: 'எல்லாம் அதேதான். ஏன் சிதறுகிறது?' அந்தக் கையெழுத்தும் பக்கத்துக்குப் பக்கம் வலப்புறமாகச் சரிந்துகொண்டே போனது. எடைபோட்ட தன் கையை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "சிதறுதும்மா." மார்லா போனை ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே, "புதுசா வேற மருந்து வாங்குங்கப்பா" என்பாள். புதிதாக வாங்குங்கள் என்பது அவள் தொழிலில் எல்லா நோய்க்கும் சொல்லும் வைத்தியம்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சின்னச் சின்னதாக முன்பே சில வந்து போயிருக்கின்றன. "கையில, பேச்சுல ஏதாவது மாற்றம்? வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டாள் டாக்டர். மார்லா இல்லை என்றாள். தயங்காமல் சொன்னாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'ஐம்பது' என்று எழுதியிருந்தது. கோடுகளை மூன்று முறை எண்ணினாள். முப்பத்தெட்டு. மீதிப் பன்னிரண்டில் மருந்து போட்டாரா, போடவில்லையா, மறந்துபோய் இரண்டு முறை போட்டாரா என்று சொல்ல ஆளில்லை. அந்தக் கூட்டில் இரண்டு பங்கு மருந்து தாராளமாகப் பிடிக்கும், வெளியே தெரியாது. சுடுகிறவன் கைக்குத்தான் தெரியும், கை மிச்சமிருந்தால்.

கூடத்தில் ஹாம் சாண்ட்விச்சும் பெப்பரோனி ரோலும் உருளைக்கிழங்கு சாலட்டும் பரப்பியிருந்தார்கள். அம்மா நோவலீன் மூலையில் ஒரு தட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். டெல்பர்ட் காகிதக் கோப்பையோடு எழுந்தார்.

"ஒண்ணு சொல்றேன், ஆர்லன் கோவிச்சுக்கமாட்டான். ஈஸ்டர் முடிஞ்ச வாரம், இதே மைதானத்துல சுடுறான். 'டமார்'னு வரவேண்டிய எடத்துல 'புஸ்'! பூனை தும்மின மாதிரி. குண்டு குழல்லயே உக்காந்துக்கிட்டு வெளிய வரமாட்டேங்குது. பாத்தா, மருந்தே போடல! நான்தான் கம்பி விட்டு இடிச்சு எடுத்தேன். 'ஏண்டா, மருந்து வெல ஏறிப்போச்சா, மிச்சம் புடிக்கிறியா?'ன்னேன்."

சிரிப்பு. மேஜையைத் தட்டினார்கள்.

"அதோட விட்டானா? வீட்டுக்குப் போக என் வண்டியில ஏறி ஸ்டியரிங் முன்னால உக்காந்துட்டான். 'எறங்குடா, இது என்னுது'ங்கிறேன். அரை நிமிஷம் என்னையே பாக்குறான், யாரோ போலீஸ்காரனப் பாக்குற மாதிரி!"

மறுபடி சிரிப்பு, முன்பைவிடக் கொஞ்சம் கம்மியாக.

மார்லா சிரிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் முடிந்த வாரத்திலிருந்து போன செவ்வாய்க்கிழமைவரை ஒன்பது வாரம். ஒன்பது வாரமாக இந்தச் சேதி ஊர் முழுக்க விற்ற சரக்கு, மகளுக்கு மட்டும் இருப்பு இல்லை.

மைதானத்தில் ஒன்பது கிழவர்கள் கறுப்புக் கோட்டோடு, காது மூடிகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அம்மா உட்கார ஒரு மடக்கு நாற்காலி போட்டார்கள். டெல்பர்ட் பெட்டியைத் திறந்தபோது மார்லா வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மார்லா, வழி விடும்மா" என்றார் கிளப் செயலாளர் ரான்சம், பணிவாக.

"முப்பத்தெட்டுக் கோடுதான் போட்டிருக்கார். தோட்டா அம்பது இருக்கு."

ரான்சமுக்கு உடனே புரிந்தது. டெல்பர்ட்டைப் பார்த்தார்.

"கோடு போட மறந்திருப்பான்" என்றார் டெல்பர்ட். "மருந்து போட மறக்கமாட்டான்."

"ஏப்ரல்ல மறந்தார். இப்பத்தான் எல்லாரும் கைதட்டிச் சிரிச்சீங்க."

"மண்ணு காயறதுக்குள்ள உங்கப்பன அவமானப்படுத்துறியா? அவனுக்குக் கத்துக்குடுத்தவன் நான். என் தம்பி நிரப்பின தோட்டா மேல எனக்கு என்னைவிட நம்பிக்கை!"

"மார்லா, போதும்" என்றாள் அம்மா.

போதாது. அவளுடைய கடைக்கு வருகிற வண்டிகளில் இதே பேச்சைப் பேசிக்கொண்டு பாதி வரும். எஞ்சின் தங்கம் சார், ஒரு கிழவி ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டினது சார். விற்க வந்தவனோடு வாதாடக் கூடாது. சாவியை அவன் கையிலேயே கொடுத்து, உன் பேரப்பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து மலைச்சரிவில் இறங்கிக் காட்டு என்று சொல்லவேண்டும்.

"சரி பெரியப்பா" என்றாள். குரல் கடையில் பேரம் முடிக்கும் குரலாகிவிட்டது. "நான் வழி விடுறேன். மொதல்ல நீங்க சுடுங்க. ஒரே ஒண்ணு. அப்புறம் மத்தவங்க."

"அவ்வளவுதானே?" டெல்பர்ட் பெட்டியின் முதல் வரிசைக்குக் கையைக் கொண்டுபோனார்.

"அது இல்ல. கடைசி வரிசையிலேருந்து எடுங்க, கோடு இல்லாததுலேருந்து."

கை அந்தரத்தில் நின்றது. பிறகு கடைசி வரிசைக்குப் போய் ஒன்றை எடுத்தது. ரிவால்வரின் உருளையில் போட்டு மூடினார். காது மூடியை ஏற்றிக்கொண்டார். மலையை நோக்கிக் கையை நீட்டினார்.

எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். யாரும் சொல்லி நகரவில்லை. மார்லா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள், அவருக்கு இரண்டு கஜ தூரத்தில்.

ஆற்றோரத்துச் சாலையில் நிலக்கரி லாரி ஒன்று கியர் மாற்றி ஏறிப்போனது. அந்தச் சத்தம் தேய்ந்து முடிகிறவரை டெல்பர்ட்டின் கை நீண்டிருந்தது.

"சுடுங்க" என்றாள் மார்லா.

கை இறங்கியது. அவர் காது மூடியைக் கழற்றவில்லை. உருளையைத் திறந்து தோட்டாவை உள்ளங்கையில் கொட்டப் பார்த்தார். அது விரலில் பட்டுத் தெறித்துப் புல்லுக்குள் விழுந்தது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"சொல்லாதேன்னான் உங்கப்பன்." அவர் புல்லைப் பார்த்துப் பேசினார். காது மூடியோடு பேசியதால் சத்தமாகப் பேசினார், எல்லாருக்கும் கேட்டது. "சொன்னா நீ வந்து கார் சாவி, துப்பாக்கி, நிலவறை எல்லாத்தையும் பூட்டிட்டுப் போயிடுவேன்னான்."

"ஆமா. பூட்டியிருப்பேன்."

"அப்புறம் அவன் நாளெல்லாம் என்ன பண்ணுவான்?"

"உயிரோட உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டிருப்பார்!"

அவள் கத்தியது மலையில் மோதித் திரும்பி வந்தது. இன்னும் வசவு இருந்தது அவளிடம். கேட்டுச் சிரித்த இந்த ஒன்பது பேருக்கும் ஆளுக்கொன்று வைத்திருந்தாள். ஜன்னலோரம் போனைச் சாய்த்து வைத்தவளுக்கும் ஒன்று இருந்தது. குனிந்து பெட்டியை மூடி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ரான்சம் தொண்டையைச் செருமினார். "நாளைக்குப் புல்லு வெட்ற மெஷின் வரும். தோட்டா அங்க கெடக்கக் கூடாது. தேடுங்கப்பா."

ஒவ்வொருவராக முழங்கால் போட்டார்கள். காலையில் பெய்த மழை புல்லில் அப்படியே இருந்தது. ஒருவருக்கு முட்டி மடங்கவில்லை, பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். டைகள் ஈரத்தில் இழுபட்டன. டெல்பர்ட் நாலு காலில் தவழ்ந்தபடி, பார்வை சரியாகத் தெரியாதவர்போல உள்ளங்கையால் தரையைத் துழாவினார்.

நோவலீன் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்தாள். அடக்கத்துக்குப் போட்டிருந்த கறுப்புச் செருப்புகளைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் ஒழுங்காக வைத்தாள். பிறகு கிழவர்களுக்கு நடுவே போய், மெல்லிய காலுறை நனைய, பாதத்தால் புல்லை ஒவ்வொரு அங்குலமாகத் தடவத் தொடங்கினாள்.