பாலத்தடி முள்

ஆமைகளைப் பராமரிக்கும் கிருஷ்ணவேணியால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. கடத்தல்காரர்களிடமிருந்து வனத்துறை மீட்ட பன்னிரண்டு நட்சத்திர ஆமைகள், ஓர் உள்ளூர்க் கிழட்டு ஆமையின் பின்னால் கரிசல் காட்டில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஊரட்டும். ஆனால் நாலுவழிச் சாலையைப் பார்த்தல்லவா ஊர்கின்றன!

போன வருஷம் கயத்தாறுக்கு வடக்கே இதே காட்டில் விட்ட ஆமைகளுக்கு எதைத் தின்பது, எங்கே ஒதுங்குவது என்று எதுவும் தெரியவில்லை. திசைக்கொன்றாக அலைந்து, பாதிக்கு மேல் லாரிச் சக்கரத்தில் போயின. ஆடு மேய்க்கும் தங்கப்பாண்டிதான் அப்போது ஒரு வழி சொன்னார். சந்தையில் வாங்கிய ஆட்டை அவர் தனியே அவிழ்த்துவிட மாட்டார். பழகிய ஆட்டோடு பிணைத்துவிடுவார். பதினைந்து நாளில் அது தடம் படித்துக்கொள்ளும்.

அதைக் கேட்டுத்தான் ஓடையோரத்தில் கிடைத்த இந்தக் கிழட்டு ஆமையை, அவள் ‘கிழவி’ என்று கூப்பிடுவதை, இரண்டு மாதம் இவற்றோடு ஒரே வேலிக்குள் வைத்திருந்தாள் வேணி. ரேஞ்சர் ஆறுமுகசாமி அரை மனதாகத்தான் சம்மதித்தார். இவையும் சாலையில் ஏறினால் ஆயுசுக்கும் கூண்டுதான் என்று சொல்லிவிட்டார்.

படிக்கத்தான் படித்திருந்தன. கிழவி நின்றால் நின்றன. அவள் கடித்த புல்பூண்டையே கடித்தன.

“அண்ணாச்சி, தூக்கிருவோமா?” என்றாள் வேணி, கூடவே நடந்து வந்த தங்கப்பாண்டியிடம்.

“தூக்கினா படிச்சதெல்லாம் போச்சு. செத்த நேரம் சும்மா நில்லும்மா. நீ நடக்க நடையில அதுகளுக்கே கிறுகிறுத்து வருது.”

“லாரிச் சத்தம் கேக்குதா ஒமக்கு?”

“எனக்கும் ரெண்டு காது இருக்குல்லா.”

சாலைச் சரிவுக்கு வந்ததும் கிழவி சட்டென்று இடப்பக்கம் திரும்பிப் பள்ளத்தில் இறங்கினாள். சாலைக்கு அடியில் சின்னக் குழாய்ப் பாலம். வேணிக்கு மூச்சு வந்தது. இது கிழவி வழக்கமாகப் போகிற வழி!

பாலத்து வாயில் கிழவி நின்றுவிட்டாள். உள்ளே கருவேல முள் அடைத்துக் கிடந்தது. பின்னால் வந்தவை ஒன்றையொன்று முட்டின. இரண்டு விலகி, சாலையை நோக்கிச் சரிவில் ஏறத் தொடங்கின.

“எந்த மூதேவி பாத்த வேலை இது?”

தங்கப்பாண்டி தலையைச் சொறிந்தார். “நாந்தான். ஆடு அந்தப் பக்கம் போயி உளுந்துக் காட்டுல விழுந்து மேஞ்சிருது. போன வாரம் அடைச்சேன்.”

“பேசாம இழும்.”

அவர் தொரட்டிக் கம்பின் கொக்கியை மாட்டி முள்ளை இழுத்தார். வேணி சரிவில் குறுக்கே படுத்துவிட்டாள். ஏறி வந்த இரண்டும் அவள் இடுப்பில் முட்டி, யோசித்து, திரும்பின. தலைக்கு மேலே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கடைசி முள்ளும் வந்ததும் கிழவி உள்ளே நுழைந்தாள். ஒவ்வொன்றாகப் பின்னால் நுழைந்தன.

கைபேசி அடித்தது. ரேஞ்சர்.

“என்னம்மா இது, கெழவி முதுகுல ஒட்டுன கருவியோட சிக்னல் மேப்புல நடு ரோட்டுல நிக்குது?”

“ரோட்டுக்கு மேல இல்ல சார், அடியில. மத்ததும் அதும் பின்னாலதான் போவுது.”

“சரி, விடு. போற வரைக்கும் போகட்டும். கூண்டுப் பேச்சை அப்புறம் பாப்போம்.”

“அப்ப என் ஆட்டை என்ன செய்ய?” என்றார் தங்கப்பாண்டி.

“நாளையிலருந்து நீரே பாலத்து வாசல்ல நின்னு மறிச்சுக்கிடும்” என்றாள் வேணி. கடைசி ஆமை இன்னும் வாயிலில் தயங்கிக்கொண்டிருந்தது. அவள் படுத்த இடத்தைவிட்டு எழவில்லை.