துரை உட்கார்ந்த இடம்

என் ஆய்வகத்தில் முதல் விதி ஒன்று உண்டு. பெயர்ச்சீட்டு ஒட்டாத குப்பியை யாரும் தொடக் கூடாது. உள்ளே இருப்பது வெறும் தண்ணீராகவே இருந்தாலும் சரி. ஒவ்வொரு ஆண்டும் வேதியியல் பாடத்தின் முதல் வகுப்பில் இதைத்தான் சொல்வேன். மீறுகிறவர்களை வெளியே நிற்க வைப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும், இதுவரை யாருடைய கண்ணிலும் அமிலம் தெறித்ததில்லை.

அந்த விதியை நானே தினமும் மதிய இடைவேளையில் மீறிக்கொண்டிருந்தேன். ஆய்வகத்தின் பின்மூலையில் இருக்கும் என் அலமாரியைத் திறப்பேன். கைப்பைக்குள் ஒரு சின்னக் குப்பி இருக்கும். நாக்குக்கு அடியில் சில சொட்டு விட்டுக்கொண்டு பூட்டிவிடுவேன். அந்தக் குப்பியில் சீட்டு கிடையாது. உள்ளே இருந்தது கஞ்சா எண்ணெய்.

எனக்கு நரம்பு நோய். கால் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும், ஈரத் துணியை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல. டாக்டர் மாத்திரை கொடுத்தார். தசை தளர்ந்தது, கூடவே நானும் தளர்ந்துபோனேன். கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மேசைமேல் தலை வைத்துத் தூங்கினேன். பிள்ளைகள் சத்தம் போடாமல் வரிசையாக வெளியே போயிருக்கிறார்கள். என்மேல் அவ்வளவு பயம், அல்லது அவ்வளவு பிரியம். எதுவாக இருந்தாலும் எனக்கு அவமானமாக இருந்தது. அடுத்த முறை போனபோது டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“கஞ்சா எண்ணெய் சிலருக்குக் கேக்குது. ஆனா நான் எழுதித் தர முடியாது. நான் சொன்னதா வெளியவும் போகக் கூடாது,” என்றார்.

எனக்குக் கேட்டது. நோய் போகவில்லை, அது போகாத நோய். ஆனால் கடைசிப் பாடவேளை வரை நிற்க முடிந்தது. தொல்லை என்னவென்றால், ஒரு குப்பி மாதிரி இன்னொன்று இருக்காது. ஒன்றிலிருந்து சொட்டு விட்டால் சுவர் மெதுவாக நகரும். அடுத்தது சமையல் எண்ணெய்தான் என்று சத்தியம் செய்யலாம். நூறு பங்கில் எத்தனை பங்கு என்று கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். என் வாய்க்குள் போவதில் எத்தனை பங்கு என்று எனக்குத் தெரியாது. விற்கிறவரிடம் கேட்டால் “நல்ல சரக்கு மேடம்” என்பார். அவர் ஒட்டித் தந்த சீட்டு அவ்வளவுதான்.

இந்த வயிற்றெரிச்சலை நான் கொட்டித் தீர்ப்பது தம்பியிடம். அவன் வேலை பார்ப்பது காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவில். அவன் நடத்துகிற நாய்க்குத் துரை என்று பட்டப்பெயர். எதற்கும் அவசரப்படாது, வேறு நாய் குரைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது, யார் பிஸ்கட் நீட்டினாலும் வாங்காது. கஞ்சா வாசனை தெரிந்தால் மட்டும் சத்தமில்லாமல் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் தம்பி கால்சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்துக் கொடுப்பான். அதுதான் துரையின் சம்பளம். அந்தப் பந்துக்காக அது மழையிலும் வெயிலிலும் லாரி லாரியாக ஏறி இறங்கும்.

தம்பி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் அங்கே போய் நிற்கும். பள்ளிக்கூடத் தெருவிலேயே உரிமம் வாங்கிய மதுக்கடை இருக்கிறது, இதற்கு மட்டும் என்ன கேடு என்பேன். நாளைக்கு பஸ் ஓட்டுகிறவன் இதைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் என்ன செய்வாய் என்பான். குடித்துவிட்டு ஓட்டினால் என்ன செய்கிறாயோ அதையே செய் என்பேன். உன் பள்ளிப் பிள்ளைகள் வாங்க மாட்டார்களா என்பான். அதனால்தான் சொல்கிறேன் என்று எனக்குக் குரல் உயரும். வளரும் பிள்ளையின் மூளைக்கு அது ஆகாது, எனக்குத் தெரியும். இன்றைக்கு அதை விற்கிறவர் யாரிடமும் வயது கேட்பதில்லை. உரிமம் கொடுத்துக் கடையில் வைத்தால், கேட்காதவனின் உரிமத்தைப் பிடுங்கலாம். சோதித்து, எத்தனை பங்கு என்று எழுதி ஒட்டி, வயது பார்த்து விற்கட்டும். யாருக்கும் இலவசமாக ஊற்றச் சொல்லவில்லையே.

ஒரு முறை இப்படிப் பேசிக்கொண்டே போனவள், என்னைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“வேணாங்க்கா. நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சதாயிடும்.”

அதற்குமேல் நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பிறகு, கஞ்சாவைத் தடுக்கிற சட்டத்தை மாற்றலாமா என்று ஆராய அரசு ஒரு குழு போட்டது. நோயாளிகள் நேரில் வந்து பேசலாம் என்றார்கள். போகட்டுமா என்று ஜாடையாகக் கேட்டபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கும் வேலை போகும், எனக்கும் போகும். நான் போகவில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் தலைமை ஆசிரியை, போதைப்பொருள் விழிப்புணர்வுக்காக நாய்ப் பிரிவைப் பள்ளிக்கு அழைத்தார். வருவது துரைதான் என்று தெரிந்தது. நிகழ்ச்சி விளையாட்டு மைதானத்தில். ஆய்வகம் இருப்பது வளாகத்தின் மறுகோடியில். கைப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தைரியமாக மைதானத்துக்குப் போனேன். அன்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகாத பெரிய அறை பள்ளியில் ஒன்றே ஒன்று, அது என் ஆய்வகம். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு அங்கே ஓடிவிட்டார்கள்.

கூட வந்திருந்த இன்ஸ்பெக்டர், பயிற்சிக்கு வைத்திருக்கும் கஞ்சாவை ஒரு தகர டப்பாவில் போட்டு அறைக்குள் ஒளித்துவைத்தார். தம்பியும் துரையும் அப்போது வெளியே நின்றார்கள். டப்பா எங்கே இருக்கிறது என்பது நாயை நடத்துகிறவனுக்கும் தெரியக் கூடாது, அதுதான் முறை. பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள். அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது.

துரை உள்ளே வந்தது. மேசைகளுக்கு அடியில் புகுந்தது, கழுவுதொட்டியை முகர்ந்தது, புத்தகப் பைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டது. பிறகு தலையை நிமிர்த்தி, நேராகப் பின்மூலைக்கு நடந்து, என் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். தம்பி சிரித்துக்கொண்டே பந்துக்காகப் பையில் கை விட்டான். அப்போது இன்ஸ்பெக்டர், “அங்க நான் எதுவும் வைக்கலையே,” என்றார்.

தம்பி அலமாரியைப் பார்த்தான். அதன் கைப்பிடியில் என் குடை தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தான். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். நாய் உட்கார்ந்தால் பூட்டைத் திறந்து பார்க்க வேண்டும், அது அவர்கள் விதி. திறந்தால் நான் பிள்ளைகளுக்கு முன்னால் கையும் களவுமாகப் பிடிபடுவேன், என் தம்பியே பிடித்துக்கொடுத்ததாக இருக்கும். அவன் கை கால்சட்டைப் பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

“தப்பு பண்ணிடுச்சு சார். உள்ள கெமிக்கல்ஸ் இருக்கும், அந்த வாசனையில குழம்பிடுச்சு,” என்றான்.

நான் தலையாட்டினேன். தலைமை ஆசிரியையும், ஆமாம், அங்கே ஏகப்பட்ட மருந்து இருக்கும் என்று சேர்ந்துகொண்டார். அந்த அலமாரியில் என் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் கைப்பையையும் தவிர எதுவும் கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

துரை எழுந்திருக்கவில்லை. பந்துக்காகக் காத்திருந்தது. தம்பி கயிற்றை இழுத்தான். அது நகராமல் அவன் முகத்தைப் பார்த்தது. “இல்ல,” என்றான் அவன், கடுமையாக. அவன் துரையிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. இரண்டாவது முறை இழுத்தபோது அது எழுந்து அவன் பின்னால் போனது. இன்ஸ்பெக்டரின் டப்பாவையும் கண்டுபிடித்தது, தராசுக்குப் பின்னால் இருந்தது. பந்து கிடைத்தது. வாயில் வாங்கி அங்கேயே கீழே போட்டுவிட்டது.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் வந்து, மழையைப் பார்த்தபடி, “அந்த அலமாரிய நல்லாக் கழுவி வெச்சிடுங்க மேடம். கெமிக்கல் வாசனை போகட்டும்,” என்றார். அவரும் பூசி மெழுகியாயிற்று. நாங்கள் யாருமே வழக்கமாகப் பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஒரு சின்னக் குப்பிக்காக அந்த அறையில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் பொய் சொன்னோம். அதை ஒட்டுச்சீட்டோடு மருந்துக்கடையில் விற்றிருந்தால் ஒருவர்கூடச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உண்மையைச் சொன்னது துரை மட்டும்தான்.

தண்டனை கிடைத்ததும் துரைக்குத்தான். நாய் தப்பு செய்தது என்று பிரிவில் பதிவானால் மறுபடியும் சோதிக்க வேண்டும். வரிசையாகப் பெட்டிகளை வைத்து நடத்தியிருக்கிறார்கள். சரியான பெட்டிக்கு வந்ததும் துரை நின்றதாம். உட்காராமல், தலையைத் திருப்பித் தம்பியின் முகத்தைப் பார்த்ததாம். நடத்துகிறவன் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. அவன் மரம்போல் நின்றிருக்கிறான். துரை அடுத்த பெட்டிக்குப் போய்விட்டது. எத்தனை முறை நடத்தினாலும் அதே கதை. முகத்தைப் பார்க்கிற நாய் வேலைக்கு ஆகாது. நாய் கண்டுபிடித்ததா, நாய்க்காரர் கண்டுபிடித்தாரா என்று நீதிமன்றத்தில் ஒரு வக்கீல் கேட்டால் வழக்கு அதோடு முடிந்தது. துரையை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

தம்பி மனைவிக்கு நாய்முடி பட்டால் மூச்சு இழுக்கும். வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்றான். நான் இருக்கும்போது வேறு யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை மதியம் துரையையும் அதன் தட்டையும் பந்தையும் கொண்டுவந்தான். கயிற்றைக் கழற்றியதும் அது வீட்டைச் சுற்றி வந்தது. கட்டில், செருப்பு, புத்தக அடுக்கு. பிறகு சமையலறைக்குள் போய், குப்பி இருந்த கீழ்த்தட்டுக்கு முன்னால் நின்றது. நான் மறைக்கவில்லை. எடுத்துத் தரையில் வைத்தேன். தம்பி அதை முதல்முறையாகப் பார்த்தான். துரை அதை முகர்ந்தது, திரும்பி அவன் முகத்தைப் பார்த்தது.

தம்பி சமையலறை வாசல்படியிலேயே நின்றுவிட்டான்.

“அன்னிக்கு நான் சொன்ன பொய்ய இன்ஸ்பெக்டர் நம்பலக்கா. உங்க ஹெட்மிஸ்ட்ரஸும் நம்பல. நம்பினது இது ஒண்ணுதான்.”

எதையாவது செய்ய வேண்டும்போல் இருந்ததால் அடுப்பைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே, குழுவுக்கு முன்னால் போய்ப் பேசப் போகிறேன் என்றேன். அவன் தடுக்கவில்லை. பெயர் சொல்லாமல் பேச இடம் உண்டா என்று மட்டும் கேட்டான்.

“இருக்கு. ஆனா அது இந்தக் குப்பி மாதிரிதான்டா. உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நான் பேரைச் சொல்லித்தான் பேசப் போறேன். வேலை போனா போகட்டும்.”

துரை இன்னும் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டியபடி சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். நீயும் திரும்பிக்கொள் என்றான். எனக்குப் புரிந்தது. அடுப்பின் பக்கம் திரும்பி, அதன் பளபளத்த விளிம்பில் தெரிந்த துரையின் நிழலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்க முகம் எதுவும் இல்லாமல் துரை அங்கும் இங்கும் தலையைத் திருப்பியது. அவன் காலை ஒரு முறை முட்டிப் பார்த்தது. பிறகு குப்பியிடம் திரும்பிப் போய் நெடுநேரம் முகர்ந்தது.

“உக்காந்திடுச்சாக்கா?” என்றான் தம்பி, திரும்பாமல்.

“உக்காந்திடுச்சு.”

அவன் அப்போதும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்து நின்றபடியே பந்தைப் பின்பக்கமாக நீட்டினான். அவன் தோள்கள் குலுங்கின. துரை எழுந்து வந்து அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டது.