ஆறிலிருந்து ஏழுக்கு

தாராபுரம் டவுன் பஸ்ஸில் அவரவர் உடம்பில் எத்தனை புரோட்டான் இருக்கிறதோ அந்த நம்பர் சீட்டில்தான் உட்கார வேண்டும். கரியமாணிக்கம் கார்பன், அவனுக்கு ஆறு. அதே சீட்டில் அவனுடைய ஓரிடத்தான்கள், அதாவது ஐசோடோப்புகள், இரண்டு பேரும் உட்கார்ந்து வந்தார்கள். ஒருவர் எடை பன்னிரண்டு, இன்னொருவர் பதின்மூன்று, இவன் பதினான்கு. நியூட்ரான்தான் கூடக்குறைய. மற்றபடி மூவருக்கும் ஒரே இடம், ஒரே டிக்கெட். நெரிசல் ஒன்றும் கிடையாது.

ஏழாம் சீட்டில் நித்திலா, நைட்ரஜன் வீட்டுப் பெண். அவளைப் பார்த்த நாளிலிருந்து கரியமாணிக்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டுவிடலாம் என்றால் வாய் வரவில்லை. தள்ளிப்போடவும் முடியாது, பதினான்கு எடைக்காரர்களின் உடம்புவாகு அப்படி. உள்ளே ஒரு நியூட்ரான் திடீரென்று புரோட்டானாகிவிடும். ஐயாயிரம் வருஷம் கழித்தும் ஆகலாம், அடுத்த ஸ்டாப்பிலும் ஆகலாம்.

"ஆயிடுச்சுன்னா நீயும் ஏழாம் சீட்டுடா," என்றார் பன்னிரண்டு எடை சுப்பண்ணன். "அப்புறம் அந்தப் புள்ளைக்கு நீ ஓரிடத்தான். பங்காளி முறை. அண்ணான்னு கூப்பிட்டுப்போடும். இப்பவே கேளு."

கரியமாணிக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஏனுங்க... எனக்கு உங்கள..."

அதற்குள் நியூட்ரான் மாறிவிட்டது. ஓர் எலெக்ட்ரான் துள்ளி ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. பாழாய்ப்போன நியூட்ரான், ஒரு வாக்கியம் பொறுத்திருக்கக் கூடாதா?

"ஏழுக்குப் போங்க," என்றார் கண்டக்டர்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போய் உட்கார்ந்தான். அவள் அண்ணா என்று சொன்னால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவது என்று முடிவுசெய்துகொண்டான்.

"நீங்க எப்ப மாறுவீங்கன்னுதான் பார்த்துட்டே இருந்தேனுங்க," என்றாள் நித்திலா. "எங்க வீட்டுல ஏழுக்குள்ளயேதான் கட்டிக் குடுப்பாங்க."

"பங்காளி முறையின்னு..."

"யாருங்க சொன்னது?"

இருவரும் சுப்பண்ணனைப் பார்த்தார்கள். அவர் வெளியே தென்னந்தோப்பை வேடிக்கை பார்த்தார்.

கரியமாணிக்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழாம் சீட்டுக்காரர்களுக்குப் பிணைப்புக்கென்றே மூன்று கை உண்டு; இருவருக்கும் அந்த மும்மூன்று கைகளும் சும்மா இருந்தன. கோத்துக்கொண்டார்கள். மூன்று முடிச்சு. மூன்றாவது விழுந்ததும் இருவரும் சேர்ந்து நைட்ரஜன் வாயுவானார்கள். பஸ்ஸே கைதட்டியது.

வாயுவுக்குச் சீட்டு கிடையாது. கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தி, இறங்கிப்போய்ப் பின் டயரின் வால்வு மூடியைக் கழற்றினார்.

"பொண்ணு மாப்பிள்ள ஏறிக்கங்க. உள்ள தாராளமா எடம் இருக்குது."

ஏறிக்கொண்டார்கள். மூடியைத் திருகிவிட்டு அவர் "ரைட்" என்றார். பஸ் மெத்தென்று ஓடியது.